கோவா டிரான்ஸ் செத்துவிட்டதாம்

கார்த்திகை தீபம் முடிந்ததிலிருந்து மாசி மாதம் வரைக்கும் எங்கள் திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் போனால், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள காபிக் கடைகளில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர்கள். கோவாவில் பல குளிர்காலங்களை ஆடிக் கழித்துவிட்டு, முட்டி வலி வந்த பிறகு ஆன்மிகத்துக்கு இடம் மாறியவர்கள். கூடவே பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த நம் பையன்கள் ஓரிருவர். கோவா டிரான்ஸ் இசை 1997-ஓடு செத்துவிட்டது என்பது ஒரு கட்சி. சாகவில்லை, சைடிரான்ஸ் என்ற பெயரில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது மறு கட்சி. தேதி, லேபிள், டிஜே பெயர் என்று இரு தரப்பும் ஆதாரங்களை அடுக்கும். இரண்டிலும் பேசுவது ஆண்கள்தான். பக்கத்தில் பெண்கள் இருந்தால் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இரண்டு கட்சி மீதும் கோபம். அதற்குக் காரணம் சொல்வதற்கு முன்னால், இந்த இசையைக் கேட்டிராத தோழிகளுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

கோவா டிரான்ஸில் முதலில் ஒரு கிக். நிமிடத்துக்கு 140, 145, 150 பீட் என்ற வேகத்தில் இம்மி பிசகாமல் அடித்துக்கொண்டே இருக்கும். கிக்குக்கும் கிக்குக்கும் இடையே பேஸ் ஓடும். அதற்கு மேலே ரோலண்ட் டிபி-303 போன்ற சின்னப் பெட்டிகளிலிருந்து ஒரு நெளிகிற ஒலி வரும். குமிழைத் திருகத் திருக அது கூர்மையாகும், கிறீச்சிடும், மறுபடி அமுங்கும். ஒரு டிராக் எட்டு நிமிடம், பத்து நிமிடம். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டி விடிய விடிய ஓட்டுவார்கள். 1980-களில் அஞ்சுனா கடற்கரையில் இது உருவானது. 1990-களில் வெயிலையும் மணலையும் இசைத்தட்டுகள் தாங்காது என்று டாட் எனப்படும் டிஜிட்டல் டேப்பில் வாசித்தார்கள். 1994 டிசம்பரில் பால் ஓக்கன்ஃபோல்ட் பிபிசி வானொலியில் கோவா மிக்ஸ் என்ற தொகுப்பை ஒலிபரப்பினார். 1995-இல் ஹாலுசினோஜென் என்ற பெயரில் சைமன் போஸ்ஃபோர்ட் ட்விஸ்டட் ஆல்பத்தை வெளியிட்டார். லண்டனில் லேபிள்கள் முளைத்தன, ஆல்பம் அட்டைகளில் சிவனும் பிள்ளையாரும் ஓம் எழுத்தும் மின்னின. 1990-களின் முடிவில் சந்தை நிரம்பி வழிந்தது, லேபிள்கள் அடுத்தடுத்து மூடின.

செத்துவிட்டது என்கிறவர்கள் இந்த இடத்தில் கதையை முடிக்கிறார்கள். வளர்கிறது என்கிறவர்கள் இதற்குப் பிறகு ஒரு பட்டியல் வாசிப்பார்கள்: ஃபுல் ஆன், ப்ராக்ரஸிவ், டார்க்சை, ஃபாரஸ்ட், ஹைடெக். போர்ச்சுகலில் 1997-இல் தொடங்கிய பூம் திருவிழா. பெல்ஜியத்தில் 2004-இல் தொடங்கி பழைய கோவா பாணியையே புதிதாகச் செய்துதரும் சன்ட்ரிப் லேபிள். பட்டியல் உண்மைதான். ஆனால் அதை உற்றுப் பாருங்கள். 145 பீட் இருந்தது 160 ஆனது, பிறகு 180 ஆனது, 200-ஐத் தொட்டது. மோட்டார் சைக்கிள் வாங்கிய பையன் வேகத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதுபோல் இருக்கிறது. வேகம் கூடியதற்குப் பெயர் பரிணாமமா?

உச்சம் என்றால் எதன் உச்சம், யார் பார்த்த உச்சம் என்று இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆடுகளத்தின் நடுவில் நின்ற ஒருவனுடைய இருபத்தைந்தாவது வயதைத்தான் அவர்கள் உச்சம் என்கிறார்கள். அவனுக்கு அது உச்சம், சரி. அதே மணலில் அதே இரவில் வேறு சிலரும் இருந்தார்கள்.

கோவா பார்ட்டிகளில் ‘சாய் மாமா’ என்று ஒரு பெயர் உண்டு. தமிழில் வாசித்து மீசை வைத்த மாமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். தேநீர் விற்கிற அம்மா என்ற பொருளில் வெளிநாட்டவர் வைத்த பெயர் அது. சுற்றுவட்டார ஊர்ப் பெண்கள் ஆடுகளத்தைச் சுற்றிப் பாய் விரிப்பார்கள், விளக்கேற்றுவார்கள், ஸ்டவ் பற்றவைத்துத் தேநீரும் ஆம்லெட்டும் போடுவார்கள். ஆடிக் களைத்தவர்கள் அந்தப் பாயில் வந்து விழுவார்கள். மருந்து ஏறித் தலை சுற்றுகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அந்தப் பாயில்தான். கோவா டிரான்ஸின் நிறவெறியை ஆராய்ந்து அருண் சல்தானா 2007-இல் சைகடெலிக் வைட் என்ற நூலை எழுதினார். இரவெல்லாம் ஆடுகளத்தில் இந்தியச் சுற்றுலா ஆண்கள் நிறைந்திருப்பதையும், விடியும் நேரத்தில் பழைய வெள்ளைக்காரர்கள் புதுத் தெம்போடு வந்து களத்தைத் தங்களுடையதாக்கிக்கொள்வதையும் அதில் வாசிக்கலாம். சூரிய உதயத்தின் அந்த ‘உன்னதமான’ இசை யாருக்காக எடுத்துவைக்கப்பட்டது என்பது அப்போது புரியும். பாய் விரித்த பெண்களுக்கு இரண்டு இசையும் ஒன்றுதான். இரண்டும் முடியும்வரை அடுப்பு எரிய வேண்டும்.

அந்தப் பெண்களில் எவரும் டிஜே மேசைக்குப் பின்னால் நின்றதாக எந்த வரலாற்றிலும் நான் படித்ததில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி கெடுபிடியானபோது முதலில் வருமானம் போனது இவர்களுக்குத்தான். டிஜேக்கள் வேறு நாட்டுக்கு விமானம் ஏறினார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்களுக்கு 1997 உச்சமா, சரிவா? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதே அஞ்சுனா கடற்கரையில்தான் 2008 பிப்ரவரியில் 15 வயது பிரிட்டிஷ் சிறுமியின் உடல் கிடந்தது. நீரில் மூழ்கிச் செத்தாள் என்று காவல்துறை முதலில் முடித்துவைக்கப் பார்த்தது. தாய் விடாமல் போராடியதால்தான் இரண்டாவது பிரேதப் பரிசோதனை நடந்தது. 2016-இல் கீழ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் ஒருவருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது. பதினோரு ஆண்டுகள்! இடையில் ஊர் விசாரித்தது அந்தத் தாயைத்தான்: பெண்ணை ஏன் விட்டுவிட்டுப் போனாய், நீ எப்படிப்பட்ட அம்மா? ‘அந்தக் காலத்துச் சுதந்திரம்’ என்று உருகுகிற பழைய ஆட்கள் இந்த வழக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டால், அது பின்னால் வந்த கும்பலின் வேலை, எங்கள் காலம் வேறு என்பார்கள். ஆண்களின் பொற்காலங்கள் எல்லாமே இப்படிக் குற்றம் நடப்பதற்குச் சற்று முன்பு சரியாக முடிந்துவிடும்.

இசைக்குள்ளேயே வருவோம். 1980-களில் கோவா டிஜேக்கள் செய்த முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த எலக்ட்ரானிக் பாடல்களை கேசட்டில் பதிந்து, பாடுகிற பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, கருவியிசையை மட்டும் ஒட்டி நீட்டினார்கள். சொல் வந்தால் மனம் சொல்லின் பின்னால் போய்விடும், மயக்கம் கலைந்துவிடும் என்பது அதற்குக் காரணம். கேட்கும் அனுபவமாக அது நியாயமே. ஆண் குரலும் சேர்த்துத்தான் வெட்டப்பட்டது. ஆனால் ஆணுக்குக் குரல் போனாலும் மேசை இருந்தது. பெண்ணுக்கு இருந்ததே குரல் ஒன்றுதான். பிறகு டிராக்குகளில் பெண் குரல் திரும்பி வந்தபோது ஒரு பெருமூச்சாக, ஒரு முனகலாக, இரண்டு சொல் மந்திரமாக வந்தது. அந்தப் பெருமூச்சு யாருடையது என்று அட்டையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

டிஜே ஒரு பூசாரி, ஆடுகளம் ஒரு சடங்கு என்பது இந்த உலகத்தின் தத்துவம். அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கோவா கில். கலிஃபோர்னியாவிலிருந்து 1970 வாக்கில் கோவாவுக்கு வந்து, சைவ சாதுவாகத் தீட்சை பெற்று, 24 மணி நேரம் தொடர்ந்து வாசித்தவர். 2023 அக்டோபரில் இறந்தார். உலகமெங்கும் அஞ்சலி எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். தி நொம்மோஸ் என்று அவர் நடத்திய இருவர் குழுவில் அவருடைய இணையர் ஆரியானும் இருந்தார். அவரை எத்தனை பேர் இசைக்கலைஞராக நினைவுகூர்ந்தார்கள்? சடங்கில் பூசாரிக்குப் பெயர் உண்டு. பூசாரியின் மனைவிக்கு ஏது?

இந்தச் சடங்குப் பேச்சுக்கு எங்கள் வடாற்காட்டுக்காரியிடம் பதில் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து பேருந்து ஏறி மேல்மலையனூருக்குப் போங்கள். அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். பம்பையும் உடுக்கையும் மெதுவாகத் தொடங்கும். வேகம் ஏறும். கூட்டத்தில் எங்கோ ஒரு பெண்ணின் கொண்டை அவிழும். பகலெல்லாம் களை பறித்தவள், மாமியாருக்கு எதிரே உட்காராதவள், நூறு ஆண்களுக்கு நடுவே தலைவிரி கோலமாக ஆடுவாள், கத்துவாள், புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டுவாள். ஒருவரும் தடுக்க மாட்டார்கள். விழுந்தால் தாங்கிப் பிடிப்பார்கள். ஒரே சீரான தாளம், ஏறும் வேகம், இருட்டு, கூட்டம், தன்னை இழத்தல். கோவாவில் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் பாட்டிகளுக்கு டிரான்ஸ் என்றால் என்னவென்று எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பம்பை யார் கையில்? ஆண் கையில். வேகத்தை எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்தி அவளை மலையேறச் சொல்வது என்பதை முடிவு செய்பவன் பம்பைக்காரன். பெண்ணுக்கு மயங்க அனுமதி உண்டு, மயக்க அனுமதி இல்லை. அஞ்சுனாவிலும் இதுதான், மேல்மலையனூரிலும் இதுதான். ஒன்றில் டாட் டேப், இன்னொன்றில் தோல். ஆகவே பழமையை மீட்டால் போதும் என்று என்னிடம் யாரும் வர வேண்டாம்.

இன்னொன்று, இரவு. இது இரவின் இசை. கேட்டுப் பழகவும், ஒருவர் பக்கத்தில் நின்று மிக்ஸர் குமிழ்களைக் கற்கவும், தப்பாக வாசித்துத் திருத்திக்கொள்ளவும் இரவுகள் வேண்டும். நான் படித்த கல்லூரியின் விடுதியில் மாலை ஆறரைக்குக் கதவு பூட்டுவார்கள். ஆண்கள் விடுதிக்குக் கதவு இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. தில்லி மாணவிகள் 2015-இல் பிஞ்ச்ரா தோட் என்று கூண்டை உடைக்கக் கிளம்பியது இந்தப் பூட்டுக்கு எதிராகத்தான். டிஜேக்களில் பெண்கள் ஏன் குறைவு என்று ஆச்சரியப்படுகிறவர்கள் முதலில் விடுதிக் கதவைப் பார்க்கட்டும்.

எங்கள் ஊரில் ஒரு விதிவிலக்கு உண்டு. பௌர்ணமி. அன்று இரவு இரண்டு மணிக்கும் கிரிவலப் பாதையில் பெண்கள் நடந்துகொண்டிருப்பார்கள். 14 கிலோமீட்டர். தனியாக, தோழிகளோடு, செருப்பில்லாமல், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு. வழி நெடுகக் கடைகளின் ஸ்பீக்கர்களில் எலக்ட்ரானிக் தாளம் சேர்த்த சிவன் பாட்டு. அஞ்சுனாக்காரர்களும் பௌர்ணமி பார்த்துத்தான் பார்ட்டி வைத்தார்கள். அந்த ஓர் இரவில் எங்கள் ஊர் பெண்களைக் கேள்வி கேட்பதில்லை. சாமி பேரைச் சொன்னால் விடிய விடிய வெளியே இருக்கலாம். மறுநாள் அதே பெண் ஒரு கச்சேரி முடிந்து இரவு பதினொன்றுக்கு அதே சாலையில் நடந்தால், எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்க ஆள் இருக்கும்.

இசையில் ஆண் பெண் ஏது, திறமை இருந்தால் வரலாமே என்பது இந்த இடத்தில் தவறாமல் வரும் கேள்வி. வந்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை வைத்து எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைத்தார். கோவா டிரான்ஸுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. அங்கே இசையமைத்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். பக்வாஜ் வாசித்தவர், 1940-களில் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அந்த இசைக்கூடத்தின் டேப்புகள் அலமாரியில் கிடந்து 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. இந்திய எலக்ட்ரானிக் இசையின் வரலாற்றைக் கோவாவில் தொடங்குகிறவர்களுக்கு அரை நூற்றாண்டு காலம் அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் 1963-இல் டாக்டர் ஹூ தொடரின் முகப்பு இசையை மின்னொலிகளால் செய்தவர் டீலியா டெர்பிஷர். சிந்தசைசர் கிடையாது. ஒவ்வொரு சுரத்தையும் டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி ஒட்டினார். மெட்டமைத்த ரான் கிரெய்னரே அவருக்குப் பாதி உரிமை தர விரும்பினார், பிபிசியின் விதி இடம் தரவில்லை. திரையில் அவர் பெயர் வந்தது 2013-இல். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் மொழிக்காரி ஒருத்தி. மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் சிறுவயது, போரில் இடம்பெயர்ந்து லண்டன். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தானே தாளங்களைக் கட்டத் தொடங்கி 2005-இல் அருளர் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 2007-இல் தாயின் பெயரில் கலா. அந்த ஆல்பத்தில் உறுமி மேளம் இடிக்கிறது, எந்த லண்டன் கிளப்பும் அதற்கு முன் கேட்டிராத இடி. பத்திரிகைகள் என்ன எழுதின? அவருடைய ஆண் தயாரிப்பாளர்தான் மூளை என்று எழுதின. 2007-இல் ஒரு நேர்காணலில் அவர் வெடித்தார், தன் வேலையை ஏன் இன்னொருவன் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று. 2015-இல் பியோர்க் இதே புகாரைச் சொன்னபோது எம்.ஐ.ஏ.வையும் குறிப்பிட்டார். எம்.ஐ.ஏ.வின் பிற்காலக் கருத்துகள் பலவற்றோடு எனக்குச் சண்டை உண்டு. அது வேறு கட்டுரை. உறுமியை எலக்ட்ரானிக் தாளத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கருவி கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எலக்ட்ரானிக் இசைக்கு வெளியே ஓர் உதாரணம் சொல்கிறேன். திண்டுக்கல்லில் 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழு. தலித் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். சாவுக்கு அடிக்கும் மேளம் என்றும் தீட்டு என்றும் சாதி ஒதுக்கிய கருவி. ஒதுக்கப்பட்ட சாதிக்குள்ளும் ஆண்கள் மட்டுமே அடித்த கருவி. அடியில் மாற்றமில்லை, பறை அதே பறைதான். ஆனால் ஒரு பெண் முன்னால் நின்று அடவு போட்டுக்கொண்டு வேகத்தைக் கூட்டி நிறுத்தும்போது, பார்க்கிற பெண்ணுக்கு அது வேறு இசை. எந்த பீட் கணக்கும் இந்த மாற்றத்தைக் காட்டாது.

ஆகவே காபிக் கடைக் கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் உச்சம் என்று சொல்லும் கோவா டிரான்ஸ் முடிந்துபோய்விட்டது, சந்தேகமே வேண்டாம். அதை நியோ கோவா என்று தூசி தட்டினாலும் 200 பீட்டில் ஓட்டினாலும் அதே ஆட்கள் அதே மேசையில் நின்றால் அது முடிந்ததுதான். உங்களுடைய சாவைப் பொதுச் சாவாக அறிவிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மா ஃபைசா என்ற பெண் டிஜேயை இந்திய எலக்ட்ரானிகாவின் தாய் என்கிறார்கள். தாயாம்! மேசைக்குப் பின்னால் நின்றாலும் தாய்தான், பாய் விரித்தாலும் தாய்தான். ஆனாலும் அவர் மேசைக்குப் பின்னால் நின்றார். ஃபீமேல் பிரஷர் என்ற பெண் கலைஞர்களின் வலைப்பின்னல் எலக்ட்ரானிக் இசைத் திருவிழாக்களின் மேடைகளை எண்ணிப் பார்த்து வருகிறது. 2012-இல் பத்தில் ஒன்றுகூட இல்லாமல் இருந்த பெண்களின் பங்கு 2020-21-இல் நான்கில் ஒன்றைத் தாண்டியிருக்கிறது. வளர்ச்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இந்தக் கணக்கைச் சொல்வேன். இதிலும் ஊர்ப்பக்கத்துப் பெண் எத்தனை பேர், தலித் பெண் எத்தனை பேர் என்று கேட்டால் மறுபடி கோபம்தான் வரும்.

போதை, வெள்ளைக்காரன் கலாச்சாரம், நம் பெண்களுக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. டாஸ்மாக் வாசலில் நிற்கிற கூட்டத்திடம் போய் அவர்கள் கேட்கட்டும்.

மாணவிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இசைக்கு டிபி-303 பெட்டி இனி அவசியமில்லை. எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். விடுதிக் கதவைப் பூட்டிய பிறகும் ஹெட்போன் போட்டுக்கொண்டு செய்யலாம். திரையில் ஒரு வரிசையில் பதினாறு கட்டங்கள் இருக்கும். வேகத்தை 145 என்று வையுங்கள். ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்று ஆகிய கட்டங்களில் கிக்கை வையுங்கள். அவற்றுக்கு இடையே காலியாக இருக்கும் மும்மூன்று கட்டங்களில் பேஸ். ஓடவிட்டால் அஞ்சுனாவின் அடித்தளம் அப்படியே கேட்கும், அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அடுத்து ஒரு புது வரிசையைத் திறந்து, மேல்மலையனூரில் கேட்ட உடுக்கையைப் போனில் பதிந்து கொண்டுவந்து போடுங்கள். அது அந்தப் பதினாறு கட்டங்களுக்குள் சரியாக உட்காராது, முன்னும் பின்னும் இழுக்கும். வெட்டி நறுக்கிக் கட்டத்துக்குள் தள்ளிச் சரிசெய்யத் தோன்றும். அப்படிச் செய்யாமல் விட்டுப் பாருங்கள்.